17-ஆம் எண் பின்னின் மர்மம்

குட்டீஸ்! ஒரு சின்ன மர்மத்தோடு ஆரம்பிக்கலாமா?

உங்கள் கையில் ஒரு ராஸ்பெர்ரி பை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிடுகிற பழம் இல்லை, கம்ப்யூட்டர்! ஏ.டி.எம். கார்டு அளவுதான் இருக்கும். மேலே மூடி கிடையாது. ஒரு பச்சைப் பலகை, அதன் மேல் கறுப்பு கறுப்பாகச் சில்லுகள், ஓரத்தில் இரண்டு வரிசையாக நிமிர்ந்து நிற்கும் 40 ஊசிகள். இந்த ஊசிகளைத்தான் 'பின்' என்கிறார்கள்.

இப்போது ஒரு குட்டி எல்.இ.டி. பல்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு காலை, நடுவில் ஒரு ரெசிஸ்டர் வைத்து, 17-ஆவது பின்னில் மாட்டுகிறீர்கள். இன்னொரு காலை 'கிரவுண்ட்' எனப்படும் பின்னில் மாட்டுகிறீர்கள். பிறகு கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராம் எழுதுகிறீர்கள். '17-ஐ எரிய விடு. ஒரு விநாடி பொறு. 17-ஐ அணை.'

புரோகிராமை ஓட்டுவதற்கு முன்னாலேயே பல்பு எரிகிறது! சரி, ஓட்டிப் பார்ப்போம். 'அணை' என்ற வரி வந்ததும் அணைகிறதா? இல்லை. புரோகிராமையே மூடிவிட்டீர்கள். அப்போதும் எரிகிறது. பேய் ஏதாவது பிடித்துவிட்டதா?

பேயும் இல்லை, பிசாசும் இல்லை. நீங்கள் எண்ணிய 17 வேறு, கம்ப்யூட்டர் எண்ணிய 17 வேறு. அவ்வளவுதான்.

பழைய எண், புதிய எண்

நம் ஊர்த் தெருக்களில் சில வீட்டுக் கதவுகளைப் பாருங்கள். 'பழைய எண் 12, புதிய எண் 27' என்று எழுதியிருப்பார்கள். வீடு ஒன்றுதான், எண் இரண்டு. தபால்காரர் ஒரு எண்ணையும் கேஸ் சிலிண்டர் கொண்டு வருபவர் இன்னொரு எண்ணையும் வைத்துக்கொண்டு தேடினால் என்ன ஆகும்?

ராஸ்பெர்ரி பையிலும் இதே கதைதான். ஊசிகளை ஓரத்திலிருந்து 1, 2, 3 என்று எண்ணிக்கொண்டே போனால் 40 வரை வரும். இது பலகை எண். ஒரு வரிசை முழுக்க ஒற்றைப்படை, அடுத்த வரிசை முழுக்க இரட்டைப்படை. ஆனால், பலகையின் நடுவில் இருக்கும் மூளைச் சில்லுக்கு இந்த எண்கள் தெரியாது. அது தன்னிடமிருந்து வெளியே வரும் கம்பிகளுக்குத் தானே ஒரு எண் வைத்திருக்கிறது. அந்தக் கம்பிகளின் பெயர் ஜி.பி.ஐ.ஓ. எந்த வேலைக்கு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், சேதியை உள்ளே வாங்கவும் செய்யும், வெளியே அனுப்பவும் செய்யும் என்று அர்த்தம்.

சில்லின் ஜி.பி.ஐ.ஓ. 17, பலகையில் 11-ஆவது பின்னுக்கு வந்து சேர்கிறது. ஜி.பி.ஐ.ஓ. 4 என்பது 7-ஆவது பின். ஜி.பி.ஐ.ஓ. 18 என்பது 12-ஆவது பின். இதில் கணக்கு, சூத்திரம் எதையும் தேடாதீர்கள். பலகையை வரைந்த இன்ஜினியர்கள் எந்தக் கம்பியை எந்தப் பக்கம் சுலபமாகக் கொண்டுபோக முடியுமோ, அந்தப் பக்கம் கொண்டுபோனார்கள்.

சரி, பலகையின் 17-ஆவது பின்னில் என்னதான் இருக்கிறது? எப்போதும் 3.3 வோல்ட் மின்சாரம் தந்துகொண்டே இருக்கும் பின் அது! புரோகிராமுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. உங்கள் புரோகிராம் பாவம், 11-ஆவது பின்னில் யாரும் இல்லாத இடத்தில் விளக்கை ஏற்றி அணைத்துக்கொண்டிருந்தது.

40 பின்களில் 3.3 வோல்ட் தருபவை இரண்டு, 5 வோல்ட் தருபவை இரண்டு, கிரவுண்ட் எட்டு. மீதி 28-தான் புரோகிராம் சொல் கேட்கும் ஜி.பி.ஐ.ஓ. பின்கள். 0 முதல் 27 வரை அவற்றுக்கு எண்.

யார் செய்த பலகை இது?

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் படிக்க வரும் மாணவர்கள் குறைந்துகொண்டே போவதையும், வருபவர்களுக்கும் முன்பு போல் புரோகிராம் எழுதத் தெரியவில்லை என்பதையும் எபன் அப்டன் என்பவரும் அவருடைய நண்பர்களும் கவனித்தார்கள். பிள்ளைகள் பயப்படாமல் நோண்டிப் பார்க்க விலை குறைந்த கம்ப்யூட்டர் ஒன்று வேண்டும் என்று நினைத்தார்கள். 2012 பிப்ரவரி 29-ஆம் தேதி முதல் பலகை விற்பனைக்கு வந்தது. விலை 35 டாலர். பிறந்த நாளைப் பாருங்கள், நாலு வருஷத்துக்கு ஒரு தடவைதான் வரும்!

2024-ஆம் ஆண்டுக்குள் 6 கோடிக்கும் மேல் விற்றுவிட்டன. வெறும் விலைக்காக மட்டும் இவ்வளவு விற்றிருக்காது என்பது என் எண்ணம். சாதாரண கம்ப்யூட்டரில் பல்பு மாட்ட இடம் ஏது? இதில் ஓரத்தில் நிற்கும் ஊசிகள்தான் விசேஷம். முதல் பலகையில் 26 ஊசிகள் இருந்தன. 2014-இல் வந்த பி பிளஸ் பலகையில் 40 ஆயின.

மூன்று குட்டி ஸ்விட்சுகள்

இப்போது கொஞ்சம் உள்ளே போவோம். பலகையில் இருப்பது வெறும் உலோக ஊசி. 'நீ விளக்கு ஏற்று', 'நீ பட்டனைக் கவனி' என்று புரோகிராம் அதற்கு எப்படிச் சொல்கிறது?

சில்லுக்குள் 'ரிஜிஸ்டர்' என்று சில பெட்டிகள் உண்டு. டீச்சர் அட்டெண்டன்ஸ் எடுக்கும் ரிஜிஸ்டர் போல இதிலும் யார் யாருக்கு என்ன என்று குறித்து வைக்கலாம். ஆனால், எழுதக்கூடியவை 0, 1 இரண்டே இரண்டுதான். ஒரு பெட்டியில் 32 இடங்கள். ஒவ்வொரு இடத்தையும் ஒரு குட்டி ஸ்விட்ச் என்று நினைத்துக்கொள்ளுங்கள். 0 என்றால் ஆஃப், 1 என்றால் ஆன்.

முதல் ராஸ்பெர்ரி பையில் இருந்த பிராட்காம் சில்லில் ஒவ்வொரு ஜி.பி.ஐ.ஓ.வுக்கும் மூன்று ஸ்விட்சுகள் ஒதுக்கியிருந்தார்கள். மூன்றும் 000 என்று இருந்தால், அந்தப் பின் இன்புட். அதாவது, வெளியே இருந்து வருவதைக் கேட்கும். 001 என்று இருந்தால் அவுட்புட். வெளியே மின்சாரம் அனுப்பும். மூன்று ஸ்விட்சுகளை எத்தனை விதமாக மாற்றி வைக்கலாம்? எழுதிப் பாருங்கள், 8 விதம் வரும். மீதி ஆறும் விசேஷ வேலைகளுக்கு. உதாரணத்துக்கு, ஜி.பி.ஐ.ஓ. 14, 15 இரண்டையும் இன்னொரு கருவியோடு வரிசையாகச் சேதி பரிமாறிக்கொள்ளும் வேலைக்கு மாற்றிவிடலாம். ஜி.பி.ஐ.ஓ. 18-ஐ பல்பின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வேலைக்கு வைக்கலாம்.

ஒரே பெட்டியில் எத்தனை பின்களுக்கு இடம் இருக்கும்? 32 இடத்தில், மும்மூன்றாக 10 பின்கள். 30 போக இரண்டு இடம் சும்மா கிடக்கும். அதனால் 0 முதல் 9 வரை ஒரு பெட்டி, 10 முதல் 19 வரை அடுத்த பெட்டி என்று போகும். பெட்டிகளுக்கும் 0, 1, 2 என்றுதான் எண். கம்ப்யூட்டர்காரர்களுக்கு எதையும் 0-இலிருந்து எண்ணினால்தான் தூக்கம் வரும்!

ஜி.பி.ஐ.ஓ. 17-இன் ஸ்விட்சுகள் எங்கே? 17-ஐ 10-ஆல் வகுங்கள். ஈவு 1, மீதி 7. ஈவுதான் பெட்டி எண். மீதியை 3-ஆல் பெருக்குங்கள், 21. ஆக, 1-ஆம் பெட்டியில் 21, 22, 23 ஆகிய மூன்று ஸ்விட்சுகள்தான் ஜி.பி.ஐ.ஓ. 17-உடையவை. 'இந்த ஈவு, மீதி எல்லாம் எதற்குப் படிக்கணும்?' என்று நாலாம் வகுப்பில் கேட்டிருப்பீர்களே! நீங்கள் ஒரு வரி புரோகிராம் எழுதியதும் உள்ளே இந்தக் கணக்குதான் நடக்கிறது.

இதில் ஒரு ஜாக்கிரதை வேண்டும். அதே பெட்டியில் 10 முதல் 19 வரை மற்ற ஒன்பது பேரும் குடியிருக்கிறார்கள். 17-ஐ மாற்றுகிறேன் பேர்வழி என்று பெட்டி முழுவதையும் புதிதாக எழுதினால், பக்கத்து வீட்டுக்காரர்களின் வேலையும் மாறிவிடும். எனவே, புரோகிராம் முதலில் பெட்டியில் இருப்பதை அப்படியே படிக்கும். தன் மூன்று ஸ்விட்சுகளை மட்டும் மாற்றும். பிறகு திரும்ப எழுதும்.

விளக்கை ஏற்ற, அணைக்க வேறு பெட்டிகள். அங்கே இன்னும் கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. ஏற்றுவதற்கு ஒரு பெட்டி, அணைப்பதற்குத் தனியாக இன்னொரு பெட்டி. ஏற்றும் பெட்டியில் 17-ஆவது இடத்தில் 1 எழுதினால், ஜி.பி.ஐ.ஓ. 17-இல் 3.3 வோல்ட் வரும். மற்ற இடங்களில் இருக்கும் 0-க்களைச் சில்லு கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவே இல்லை!

மௌனமாக நிற்கும் பின்

பட்டன் மாட்டிய பின்னை இன்புட்டாக வைத்தால் 0 அல்லது 1 என்று படித்துச் சொல்லும். ஆனால், எதிலும் ஒட்டாமல் சும்மா விடப்பட்ட இன்புட் பின் இருக்கிறதே, அது சரியான உளறுவாயன். பக்கத்தில் கையைக் கொண்டுபோனாலே 0, 1, 1, 0 என்று மாற்றி மாற்றிச் சொல்லும். இதற்காகச் சில்லுக்குள்ளேயே சின்ன ரெசிஸ்டர்கள் வைத்திருக்கிறார்கள். 'பட்டன் அழுத்தாதபோது 1 என்றே இரு' என்று மேலே இழுத்துப் பிடிக்கலாம். அல்லது '0 என்றே இரு' என்று கீழே இழுத்துப் பிடிக்கலாம். எந்தப் பக்கம் இழுப்பது என்பதையும் புரோகிராம்தான் சொல்ல வேண்டும்.

இதையெல்லாம் தப்பாகச் சொன்னால் என்ன ஆகும்? ஒரு பட்டனின் ஒரு முனை பின்னிலும், மறு முனை கிரவுண்டிலும் இருக்கிறது. புரோகிராம் அந்தப் பின்னை இன்புட் என்று சொல்லியிருந்தால், பட்டனை எத்தனை தடவை வேண்டுமானாலும் அழுத்தலாம். தவறிப்போய் அவுட்புட் என்று சொல்லி, 3.3 வோல்ட்டையும் ஏற்றிவிட்டது என்று வையுங்கள். பட்டனை அழுத்தியதும் மின்சாரம் தடையே இல்லாமல் கிரவுண்டுக்குப் பாயும். அந்தப் பின் செத்துப்போகலாம். கம்பி அதே, பட்டன் அதே. ஒரே ஒரு ஸ்விட்ச் 0 என்பதற்குப் பதில் 1! இதனால்தான் மின்சாரம் வந்து சில்லு கண் விழிக்கும்போது எல்லா ஜி.பி.ஐ.ஓ.க்களும் இன்புட்டாகவே விழிக்கின்றன. யாரையும் தொந்தரவு செய்யாமல், முதலில் காது கொடுத்துக் கேட்கும் நல்ல பிள்ளைகள்!

எண்ணை மாற்றிவிட்டார்கள்!

2012 செப்டம்பரில் பலகையைக் கொஞ்சம் திருத்தி, இரண்டாம் பதிப்பை அறிவித்தார்கள். பார்த்தால் பழைய பலகை போலவே இருக்கும். ஆனால், 3-ஆவது பின்னில் இருந்த ஜி.பி.ஐ.ஓ. 0 போய், ஜி.பி.ஐ.ஓ. 2 வந்துவிட்டது. 5-ஆவது பின்னில் 1 போய் 3. 13-ஆவது பின்னில் 21 போய் 27. அதுவரை '21-ஐ ஏற்று' என்று எழுதியவர்களின் விளக்கு, புதிய பலகையில் எரியவில்லை. அந்த 21, 2014-இல் 40-ஆவது பின்னில் மறுபடியும் வந்து உட்கார்ந்துகொண்டது தனிக் கதை.

ஆகவே, புரோகிராமுக்கு முதலில் ஒரு கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும்: 'நான் எந்தப் பலகையில் இருக்கிறேன்?' ஒவ்வொரு பலகைக்கும் ஒரு பதிப்பு எண் உண்டு. லினக்ஸ் அதைப் படித்து வைத்திருக்கும். பி பலகையில் 0002, 0003 என்று இருந்தால் பழைய பதிப்பு. அதற்கு மேல் என்றால் புதியது. பின்களைக் கையாளும் மென்பொருள்கள் இந்த எண்ணைப் பார்த்துத்தான் எந்த அட்டவணையைப் புரட்டுவது என்று முடிவு செய்தன.

இங்கே உங்களுக்கு ஒரு சந்தேகம் வர வேண்டும். மவுஸைச் செருகினால் கம்ப்யூட்டர் தானாகவே கண்டுபிடித்துவிடுகிறதே, பின்களை ஏன் கண்டுபிடிக்க முடியவில்லை? மவுஸ் பேசும்! யு.எஸ்.பி.யில் செருகியதும், 'என்னைச் செய்தது இன்னார், நான் இன்ன பொருள்' என்று இரண்டு எண்களைச் சொல்லி அறிமுகம் செய்துகொள்ளும். பின் பேசாது. அதன் முனையில் பல்பு இருக்கிறதா, பட்டன் இருக்கிறதா, ஒன்றுமே இல்லையா என்று அதற்கே தெரியாது. யாராவது எழுதி வைத்தால்தான் உண்டு.

எழுதி வைக்கும் அந்தக் காகிதத்துக்கு 'டிவைஸ் ட்ரீ' என்று பெயர். கருவிகளின் மரம்! வீட்டில் தாத்தா, அவருக்குக் கீழே அப்பா, சித்தப்பா, அத்தை, அவர்களுக்குக் கீழே நீங்கள் என்று வம்ச மரம் வரைவோமே, அதே மாதிரிதான். மேலே பலகை. அதன் கிளையில் சில்லு. சில்லின் கிளையில் ஜி.பி.ஐ.ஓ. பகுதி, அதன் முகவரி, எந்தப் பின்னுக்கு என்ன வேலை என்ற விவரம். கம்ப்யூட்டர் எழும்போது இந்தக் கோப்பு லினக்ஸின் கையில் கொடுக்கப்படும். அதைப் படித்து, பொருத்தமான மென்பொருளை லினக்ஸ் வேலைக்கு அனுப்பும்.

முன்பு இந்த விவரங்களை எல்லாம் லினக்ஸுக்குள்ளேயே, பலகைக்குப் பலகை தனித்தனியாகப் புரோகிராமாக எழுதிச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். செல்போன்களிலும் இந்த மாதிரிப் பலகைகளிலும் இருக்கும் ஆர்ம் வகைச் சில்லுகள் பெருகப் பெருகக் குப்பை சேர்ந்துகொண்டே போனது. 2011-இல் லினக்ஸைப் படைத்த லினஸ் டோர்வால்ட்ஸே பொறுமை இழந்து கோபப்பட்டார். அதன் பிறகுதான் ஆர்ம் சில்லுகளுக்கும் இந்த மரம் பரவலானது. ராஸ்பெர்ரி பைக்கு 2015-இல் வந்தது.

பலகைக்கு ஒரு தொப்பி

பின் பேசாது என்றேன் அல்லவா? பேச வைக்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 40 பின்கள் மேலும் அப்படியே உட்காரும் துணைப் பலகைகளை 2014-இல் அறிமுகம் செய்தார்கள். அவற்றுக்கு ஹேட் என்று பெயர். அதாவது, தொப்பி! தொப்பிக்குள் ஒரு குட்டி நினைவகச் சில்லு இருக்கும். தன்னைச் செய்தது யார், தன் பெயர் என்ன, எந்தெந்தப் பின் எந்த வேலைக்கு வேண்டும் என்று எல்லாம் அதில் எழுதியிருக்கும். மரத்தில் ஒட்டுப் போடுவதற்கு ஒரு கிளையைக்கூட அதில் வைக்கலாம். பலகை எழும்போது 27, 28-ஆவது பின்கள் வழியாக அதைப் படித்துவிடும். தொப்பியே தன்னை அறிமுகம் செய்துகொள்கிறது. அதனால், அந்த இரண்டு பின்களில் மட்டும் நீங்கள் எதையும் மாட்டக் கூடாது.

சென்ஸ் ஹேட் என்ற தொப்பி அணிந்த இரண்டு ராஸ்பெர்ரி பைகள் 2015 டிசம்பரில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கே போயின! எட், இஸ்ஸி என்று அவற்றுக்குச் செல்லப் பெயர். வெப்பம், ஈரப்பதம், காற்றழுத்தம், அசைவு எல்லாவற்றையும் அந்தத் தொப்பி அளக்கும். பிரிட்டிஷ் விண்வெளி வீரர் டிம் பீக் அங்கே இருந்தபோது, பள்ளிப் பிள்ளைகள் எழுதிய புரோகிராம்கள் அவற்றில் ஓடின.

கதவைத் தட்டியவர்கள், சுவர் ஏறியவர்கள்

2023-இல் ராஸ்பெர்ரி பை 5 வந்தது. அதில் பெரிய மாற்றம். பின்கள் இப்போது மூளைச் சில்லோடு நேராக இணையவில்லை. ஆர்.பி. 1 என்ற தனிச் சில்லு ஒன்று நடுவில் வந்து, பின்களை எல்லாம் அது பார்த்துக்கொள்கிறது. நாம் மேலே போட்ட ஈவு, மீதிக் கணக்கு பை 4 வரைக்கும்தான். பை 5-இல் பெட்டிகள் வேறு, முகவரி வேறு.

அதுவரை பலர் பயன்படுத்திய ஆர்.பி.ஐ. ஜி.பி.ஐ.ஓ. என்ற மென்பொருள், லினக்ஸைக் கேட்காமல் தானே நேராகப் போய்ப் பெட்டியில் எழுதும் பழக்கம் உடையது. வேகமான வழிதான். ஆனால், பை 5-இல் அது போய்ப் பார்த்த இடத்தில் பெட்டியே இல்லை! அதை நம்பி எழுதிய புரோகிராம்கள் நின்றுபோயின. 'ஜி.பி.ஐ.ஓ. ஜீரோ' என்ற இன்னொரு மென்பொருளை வைத்து எழுதியவர்கள் தப்பித்தார்கள். அது தனக்கு அடியில் இருக்கும் பகுதியை மட்டும் மாற்றிக்கொண்டு, லினக்ஸிடம் முறையாகக் கேட்டு வேலையை முடித்தது. பிள்ளைகள் எழுதிய வரிகளைப் பெரும்பாலும் தொடவே வேண்டியிருக்கவில்லை.

பள்ளி ஆய்வகத்திலோ வேறெங்கோ இந்தப் பலகை கிடைத்தால், கட்டளை எழுதும் திரையில் 'பின்அவுட்' என்ற ஒரே சொல்லை ஆங்கிலத்தில் இடைவெளி விடாமல் அடியுங்கள். உங்கள் பலகையின் படமும், எந்த ஊசி என்ன என்ற பட்டியலும் திரையில் வந்துவிடும். அதைப் பார்த்த பிறகே கம்பியைத் தொடுங்கள். கம்பி மாட்டும்போது மின்சாரத்தைத் துண்டித்துவிடுங்கள். 5 வோல்ட் பின்னிலிருந்து ஒரு கம்பி தவறிப்போய் ஜி.பி.ஐ.ஓ. பின்னைத் தொட்டால் போச்சு! 3.3 வோல்ட்டுக்கு மேல் அது தாங்காது. மோட்டாரையும் நேராக மாட்டாதீர்கள். அதற்கு வேண்டிய மின்சாரத்தைக் கொடுக்கும் தெம்பு பின்னுக்குக் கிடையாது.

இப்போது உங்களுக்கு ஒரு புதிர். பை 4 பலகையில் ஒருவர் '22-ஆவது பின்னில் பல்பு மாட்டியிருக்கிறேன்' என்கிறார். அவர் சொல்வது பலகை எண். அங்கே இருப்பது ஜி.பி.ஐ.ஓ. 25. அப்படியானால், புரோகிராம் எந்தப் பெட்டியில், எந்த மூன்று ஸ்விட்சுகளை மாற்றும்? பேப்பரை மூடிவிட்டுக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

விடை: 2-ஆம் பெட்டி, 15, 16, 17-ஆம் ஸ்விட்சுகள்.